கோமதிநாயகத்தின் மோட்டார்

கணக்குத் தாக்கல் செய்யவில்லை என்கிறது
பழுப்பு உறை.
நாலு வருஷத்துக்கு முந்தைய கணக்கு.
அபராதம், அதற்கு வட்டி,
ஏழு நாளில் நேரில் வரவும்.

செய்தேன்.
அம்பாசமுத்திரம் வணிகவரி ஆபீஸ்,
படியேறினால் இடது கைப்பக்கம் மூன்றாவது மேஜை.
அன்றைக்குத் தூறல். பாரத்தை
அரிசிப் பைக்குள் சுருட்டிக் கொண்டுபோனேன்.
நகலில் முத்திரை குத்தித் தந்தார்கள்.
மையில் தண்ணீர் கூடுதல்.
இப்போது அது ஊதா நிறத்தில் ஒரு நிழல்.
வெயிலில் பிடித்தால்
தேதி இருந்த இடம் தெரியும்,
தேதி தெரியாது.

புது அதிகாரிக்குத் தர்மபுரிப் பக்கம்.
உட்காரச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்,
மாட்டிப் பார்த்தார்.
"டீ கிளாஸ் வச்ச தடமாக்கூட இருக்கலாமே?"
இருக்கலாம்தான்.
"உங்ககிட்ட உள்ள பிரதி, சார்?"
"வெள்ளத்துல கீழ் ரூம் மொத்தமும் போயிடுச்சு."

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
அளந்துதான் போட்டேன், பைசா பிசகாமல்.
தாமிரபரணி ரசீது தருவதில்லை.

வேறு சாட்சி கேட்டார்.
பஸ் டிக்கெட் இல்லை, சைக்கிளில் போனேன்.
எதிர்க் கடைக்காரர் திருப்பூர் போய்விட்டார்.
நனைந்து வந்ததற்கு வீட்டுக்காரி சாட்சி;
அது செல்லாதாம்.

ராத்திரி கடை நோட்டைப் புரட்டினேன்.
மோட்டார் வந்த நாள், கருகின காயில்,
கம்பி எத்தனை கேஜ், எல்லாம் எழுதுவேன்.
அதே தேதி. என் கையெழுத்து.
'கோமதிநாயகம், வரி ஆபீஸ். ஒரு எச்.பி.
அறுநூறு. பாக்கி.'

மூன்றாவது மேஜை.
முத்திரையைத் தூக்கின கை அப்படியே நின்றது:
"அண்ணாச்சி, நீங்க மோட்டார் கட்டுத ஆளுல்லா?
வீட்டுக் கிணத்து மோட்டார் இழுக்க மாட்டேங்கு."
அதற்குப் பிறகுதான் குத்தினார்.
சாயங்காலம் கேரியரில் கட்டிக் கொண்டுவந்தார்.
அவர் கொடுக்கவில்லை, நான் கேட்கவில்லை.
இரண்டு பேருக்கும் கணக்கு தெரியும்.

கல்லிடைக்குறிச்சியில் பென்ஷனில் இருக்கிறார்.
கேட்டைத் திறக்கும்போதே கேட்டது
என் கம்பி ஓடுகிற சத்தம்.
ஒரு பக்கம் கை விழுந்துவிட்டது அவருக்கு.
"மோட்டார் நல்லா ஞாபகம் இருக்கு" என்றார்,
"பாரம்தான் ஞாபகம் இல்ல."
பொய் சொல்லுகிற முகமில்லை.
அந்த அம்மா காப்பி கொண்டுவந்தாள்.
எழுதித் தாருங்கள் என்று கேட்கவந்தவன்
சர்க்கரை போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏழாம் நாள் நோட்டோடு போனேன்.
கோமதிநாயகத்தின் பேர்மேல் கட்டைவிரலை வைத்து
தேதியை மட்டும் காட்டினேன்.
விரலை எடுக்கச் சொன்னார்.
எடுத்தேன்.
வெகுநேரம் அந்த வரியையே பார்த்தார்.
பிறகு கேட்டார்:
"இந்த அறுநூறு, நீங்க தாக்கல் பண்ணினதா சொல்ற
அந்தக் கணக்குல வந்திருக்கா?"

"வராத பணம் சார்."

"நோட்டை வச்சுட்டுப் போங்க."

மாட்டேன் என்றேன்.
கடை வைத்த இருபத்தாறு வருஷத்தில்
ஒரு ஆபீசில் அந்த வார்த்தையை
அன்றைக்குத்தான் சொன்னேன்.
வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது.
அரிசிப் பை எடுத்துவரவில்லை.
நோட்டைச் சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு
படியிலேயே நின்றேன்.