பதினெட்டு

பழைய கிளினிக்கில் கேள்வி ஆங்கிலத்தில் வரும்.
சிட்லாலி அதை ஸ்பானிஷில் எனக்குத் தருவாள்.
பதினாலு வயது, பள்ளிக்கு அரைநாள் விடுப்பு.
நிறுத்துவதற்கு முன்னால்
ஒரு நாளைக்கு எத்தனை பியர்?
பதினெட்டு என்பேன், தரையிடம்.
அவள் ஏதோ சொல்வாள்.
டாக்டர் முகம் மாறாமல் எழுதிக்கொள்வார்.
பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன்.

சட்டைப்பையில் சத்தியச் சீட்டு:
குவாதலூப்பே மாதா முன் மண்டியிட்டு
ஆறு மாதம் தொடமாட்டேன் என்றது,
பாதிரியார் கையெழுத்தோடு.
எடுத்து நீட்டினேன்.
'நைஸ்' என்று திருப்பித் தந்தார்.

இந்த இடம் டயர் கடைக்குப் பின்னால்.
யாக்கிமாவில் ஆப்பிள் பறிப்பு முடிந்து
பையின் வார் பதிந்த தோள்களோடு வந்து உட்காருவோம்.
ரப்பர் நெடி. பட்டை போட்ட காபி.
நொயெமி முதல் நாளே 'நீங்கள்' என்றாள்.
ஆங்கிலத்தில் நீயும் நீங்களும் ஒன்று,
தோட்டத்து மேஸ்திரிக்கு எல்லாரும் 'டேய்'.
பத்தொன்பது வருஷம் கழித்து
யாரை அழைக்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன்.

சீட்டை இரண்டு பக்கமும் படித்தாள்.
நகல் எடுத்து
என் கோப்பில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.
அப்புறம் கேட்டாள்:
முடிகிற தேதியைப் போட்டது
மாதாவா, நீங்களா?

மே பதினாறு.
சிட்லாலியின் பதினைந்தாம் பிறந்தநாள் விழா
மே பதினேழு.
மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாயிற்று.
பியர் என் பொறுப்பு என்று
அவள் ஞானத்தகப்பன் சொல்லியிருக்கிறான்.
மாதாவிடமே கணக்குப் பண்ணியிருக்கிறேன்.

யாரும் சிரிக்கவில்லை.
இல்லை, ஓதிலோன் சிரித்தான்.
அவன் சீட்டு ஒருமுறை
டிசம்பர் இருபத்திமூன்றோடு முடிந்ததாம்.

கிழித்துப் போடுங்கள் என்று நொயெமி சொல்லவில்லை.
இது போதும் என்றும் சொல்லவில்லை.
பதினேழாம் தேதி காலையில்
பாதிரியார் எத்தனை மணிக்கு எழுவார்,
இப்போதே கேட்டு வைப்போம், என்றாள்.
பிறகு அதே பழைய கேள்வி. எத்தனை?
நடுவில் யாரும் இல்லை.
என் வாயாலேயே சொன்னேன்.

வெளியே வண்டிக்குள்
மடியில் கணக்குப் புத்தகத்தோடு சிட்லாலி.
என்ன கேட்டாங்க?
எத்தனைன்னு. பதினெட்டுன்னேன்.

கண்ணாடியைக் கையால் துடைத்தாள்.
பனி வெளிப்பக்கம் இருந்தது.
அங்க நான் ஆறுன்னு சொன்னேன்ப்பா.
ஒவ்வொரு தடவையும்.

மிச்சம் பன்னிரண்டை
இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாய் என்று
கேட்க வாய் வரவில்லை.
ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டினேன்.
உள்ளிருந்து துடைத்துக்கொண்டே இருந்தாள்.
நான் இறங்கிப் போய்
வெளிப்பக்கத்தைச் சுரண்டினேன்.