குசினிக் கல்

காத்தான்குடியில், சறூக் நானாவின் கடையில்
நாலு துண்டு கேட்டு வாங்கினேன்,
உள்ளங்கை அளவு.
"வீட்ட கொண்டுபோய் என்ன செய்யப் போறீங்க டீச்சர்?"
டீச்சர் இல்லை, ஆஸ்பத்திரி லேப்பில் வேலை என்றேன்.
"அப்ப சரி" என்றார்.
எது சரி என்று சொல்லவில்லை.

ஐந்தாவது துண்டு
உடைத்த பழைய மேடையின் சிவப்புச் சீமெந்து.

யன்னல் கட்டில் வரிசையாய் வைத்து
பிளாஸ்டர் ஒட்டி, இலக்கமிட்டு, நேரமும் எழுதினேன்:
இரவு எட்டுப் பத்து.
ஒவ்வொன்றின் தலையிலும்
தேசிக்காய்ப் புளி ஒரு துளி
மஞ்சள் ஒரு துளி
நண்டுக்கறியின் எண்ணெய் ஒரு துளி
எங்கள் கிணற்று நீர் ஒரு துளி.
பதினாறு வருசம் ஊராரின் இரத்தம் பார்த்த கண்ணுக்கு
இது பெரிய வேலையில்லை.

வெள்ளை மார்பிள் அப்போதே நுரைத்தது.
காதைக் கிட்ட வைத்தால் ஒரு சின்னச் சீறல்.
விடியப் பார்த்தால்
அம்மைத் தழும்புபோல் மங்கிக் கிடந்தது அந்த இடம்.
டோகாவிலிருந்து ஜெயந்திரனின் குரல்:
"வெள்ளை போடப்பா, இங்க எல்லா வீட்டிலயும் வெள்ளைதான்."
இங்க எல்லா வீட்டிலயும் புளிதான் என்று
பதிலுக்கு என் குரலை அனுப்பினேன்.

இரண்டாவது ஸ்டீல் தகடு.
அதை நான் சோதித்து என்ன,
கல்லடிக் காற்று சோதிக்கும்.
கேற்றும் கொண்டியும் சைக்கிளும் சாட்சி.

மூன்றாவது குவாட்ஸ்.
கறை ஏறாதென்று கம்பனி எழுதித் தருமாம்.
கறை ஏறவில்லைதான்.
புட்டுப் பானையை அடுப்பால் இறக்கி
அப்படியே மேலே வைத்தேன்.
எழுதித் தந்தது கறைக்கு, சூட்டுக்கில்லை.

சீமெந்துத் துண்டு எண்ணெயைக் குடித்துவிட்டு
ஒன்றும் தெரியாததுபோல் இருந்தது.
முப்பது வருசம் அது செய்த வேலையே அதுதானே.

கறுப்புக் கிரனைட் எல்லாவற்றிலும் தேறியது,
கிணற்று நீரைத் தவிர.
உப்பு காய்ந்து ஒரு வெள்ளை வளையம்.
துடைத்தேன், போனது.
நாளைக்கும் வரும்.
துடைத்தால் போகிற குறையோடு
குடும்பம் நடத்தலாம்.

சறூக் நானா கல்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார்.
பார்த்துக்கொண்டிருந்தேன்.
சதுர அடிக்கு நூறு குறைத்தார்.
இன்னும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அருளம்பலம் பாஸ் வந்த அன்று
நான் சோதிக்காத ஒன்றைக் கேட்டார்:
"உயரம் எவ்வளவு வைக்க?"
என்னை நிற்க வைத்து, முழங்கைக்குக் கீழே
சுவரில் பென்சிலால் ஒரு கோடு கீறினார்.

இது அம்மா எனக்கு எழுதித் தந்த வீடு.
என் கலியாணத்துக்கு முதல் கிழமை
சட்டி பானையோடு பின்வளவுக்குப் போனா.
டிலக்சிகா கட்டும்போது நானும் போவேன்.
இதில் நான் கறி வைக்கப்போவது மிஞ்சினால் பதினைந்து வருசம்.
கல்லுக்கு அது
ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்.

ரியூசனால் வந்தவளைக் கூப்பிட்டு
பையோடு சுவரில் சாய்த்தேன்.
பதின்மூன்று வயதுதான்.
அவளுடைய கோடு என்னுடையதற்கு
இரண்டு விரற்கடை மேலே.
"புள்ள இன்னும் வளரும்" என்று
பாஸ் இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கீறினார்.

"ரைஸ் குக்கருக்கு ஒரு பிளக் போதும் எனக்கு" என்றாள்,
தலையைத் தூக்காமல், போனைப் பார்த்தபடி.
"மறுகா, நான் கலியாணமே கட்டயில்லயெண்டா?"

அதற்கு என்னிடம் துளி எதுவும் இல்லை.

தாச்சியில் சீமெந்து இறுகிக்கொண்டிருந்தது.
மேல் கோட்டுக்கு வையுங்க என்றேன்.
கல் வந்த பெட்டியின் பலகை ஒன்றை
எனக்கு ஏறி நிற்க எடுத்து வைத்தேன்.

மூன்று நாளைக்குப் பாரம் வைக்க வேண்டாம் என்றார் பாஸ்.
இரண்டாம் நாள் இரவு குசினி லைற்றைப் போட்டேன்.
கல்லில் ஏறி இருந்து
காலை ஆட்டிக்கொண்டு
பிஸ்கட் தின்கிறாள்.
இறங்கடி என்று சொல்ல வாயெடுத்து
சுற்றிச் சிந்திய தூளைப் பார்த்தேன்.
கறுப்பில்
எல்லாம் தெரிகிறது.