ரூட்டுக்கும் இல்லை

தேவகோட்டை ஆஸ்பத்திரி, ரத்தப் பரிசோதனை அறை.
இரவு இரண்டே முக்கால்.
பிரிண்டர் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு
சும்மா கிடக்கிறது.

கோவையிலிருந்து போனில் தினகரன்:
"எஸ்இலினக்ஸை அணைச்சிடுங்க மேடம்,
எல்லா எடத்துலயும் அதான் பண்றோம்."

நான் ரூட்.
இந்தப் பெட்டிக்குள் எனக்கு மேல் ஆளில்லை என்று
ஆறு வருடம் நம்பியிருந்தேன்.
அணைக்கும் கட்டளையை அடித்தேன்.
என்டரைத் தட்டவில்லை.
இன்னொரு சாளரத்தில் பதிவேட்டைத் திறந்தேன்.

மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டது.
யார், எதை, எந்த முத்திரையோடு.

நேற்று என் அடைவிலிருந்து நகர்த்திய கோப்பு
என் முத்திரையோடே வந்து உட்கார்ந்திருக்கிறது,
காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில்
போன மாதம் வாங்கிய பித்தளைத் தூக்கு மாதிரி.
காசு நான் கொடுத்தது,
ஈயம் பூசக் கொடுத்ததும் நான்,
உள்ளே இருப்பது என் அடுப்பில் போட்ட காப்பி.
விளிம்பில் மட்டும் இன்னும்
தெ. லெ. மு. அழ.

முத்திரையை மாற்ற ஒரே வரி.
பிரிண்டர் இருமிக்கொண்டு எழுந்தது.
மூன்றாம் வார்டு சௌந்தரவல்லிக்கு
பிளேட்லெட் நாற்பத்திரண்டாயிரம்.
நர்ஸ் தாளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

"சரியாயிடுச்சா மேடம்? அணைச்சிட்டீங்கள்ல?"

பதிவேட்டில் இன்னொரு வரி இருந்தது.
அது என் கோப்பு இல்லை.
தினகரன் கம்பெனி நிறுவிக் கொடுத்த பேக்கப் நிரல்
கடவுச்சொல் கோப்பைக் கேட்டிருக்கிறது.
இரவு தவறாமல், இரண்டு பத்துக்கு,
ரூட்டாகவே வந்து.
பின்னால் போகப் போக
பதினோரு மாதம்.

மறுக்கப்பட்டது.

"இல்லீங்க" என்றேன்.
அடித்து வைத்திருந்த கட்டளையைப்
பின்னாலிருந்து ஒவ்வோர் எழுத்தாக
அழித்துக்கொண்டு வந்தேன்.
அவர் இன்னும் லைனில்தான் இருந்தார்.