இறக்கம்

தந்தியில் நாலே சொல்.
லீவு ரத்து உடனே திரும்பு.
கொண்டுவந்தவர் மேடேறிய மூச்சு அடங்காமல்
வாசலில் நின்றிருந்தார்.
நீங்கள் அவருக்குக் காபி கொடுக்கச் சொன்னீர்கள்.
சர்க்கரை ஒன்றா இரண்டா என்றும் கேட்டீர்கள்.

அன்று சாயங்காலம் முழுக்க
நீங்கள் விடைபெறவே இல்லை.
ஸ்டவ்வுக்குப் புதுத் திரி போட்டீர்கள்.
கோழிக்கூண்டின் கொண்டியை மாற்றினீர்கள்.
போஸ்டாபீஸ் பாஸ்புக், இன்சூரன்ஸ் ரசீது,
யூனிட் விலாசம் எழுதிய அட்டை
எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போயிற்று.
மூடியை உள்ளங்கையால் அழுத்தி,
"திறக்க வரலேன்னா ஸ்பூனால நெம்பு" என்றீர்கள்.
நெம்புகிற நாள் வரக்கூடாது என்று
அரிசி டின்னைத் தூக்கி அதன்மேல் வைத்தேன்.

உள்ளே ஒரு ஃபாரத்தில் என் பெயர்.
உறவு: மனைவி. பங்கு: முழுவதும்.
ஊசிக் கம்பெனியில் நாள் முழுக்க
ஊசிக்காதுகளை வெளிச்சத்தில் பிடித்துப்
பழுது பார்க்கிறவள் நான்.
அந்த ஒரு சொல்லுக்குக் கண் கூசிவிட்டது.

சலோமி சாப்பிடும்போது கேட்டாள்,
மேலே குளிருமாப்பா?
கேத்தியைவிட.
அங்கேயும் உறைபனி விழுமா?
விழாது கண்ணு. இறக்கையில படியும்.
படிஞ்சா?
நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.
நான் ரசம் ஊற்றினேன், கேட்காமலே, இரண்டு கரண்டி.

அவள் தூங்கியபின்
ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டினோம்.
ஒரு மூலையில் ஊசிமுனை அளவு ஓட்டை.
அதற்கும் பசை தடவினீர்கள்.
இந்தப் பள்ளத்தாக்கை யார் தேடி வரப்போகிறார்கள் என்றேன்.
"மேலேருந்து பாத்தா
ஒரு தீக்குச்சி கிழிச்சாக்கூடத் தெரியும்."

சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டீர்கள்.
தெரியும் என்றால்
நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.
அறுபத்தைந்தில், ஏதோ ஓர் ஊரில்,
பால் காய்ச்சவோ, அழுகிற பிள்ளையின் முகம் பார்க்கவோ
எவளோ ஒருத்தி கிழித்த குச்சியை.
நான் கேட்கவில்லை.
அணைந்த விளக்கின் மண்ணெண்ணெய் வாடையில்
இருவரும் விழித்தே கிடந்தோம்,
நடுவில் அவளும் கிடந்ததுபோல.

விடியலில் கேரட் பாத்தி முழுக்க வெள்ளை.
ஸ்டேஷன் பெஞ்சிலும் பனி;
யாரும் உட்காரவில்லை.
ஏறும்போது பின்னால் நின்று தள்ளுகிற எஞ்சின்
இறங்கும்போது முன்னால் நின்று
பெட்டிகளைத் தாங்கிக்கொண்டு போகிறது.
கல்யாணமாகி ஒன்பது வருஷம்,
அன்றைக்குத்தான் கவனித்தேன்.
வானத்துக்குப் போகிறவர்
முதலில் மேட்டுப்பாளையம்வரை இறங்கவேண்டியிருக்கிறது.

எத்தனை மணி எத்தனை நிமிஷத்தில்
எந்த ஆற்றுக்கு மேல் இருப்போம் என்று
பென்சிலால் குறித்துவைக்கிற ஆள் நீங்கள்.
"வரேன்" என்றீர்கள்.
அதற்கு மட்டும் நேரம் போடவில்லை.
நானும் கேட்கவில்லை.
மஃப்ளரைச் சரிசெய்கிற சாக்கில்
கழுத்தைத் தொட்டேன். சூடாக இருந்தது.

திரும்பி வந்தபோது
சலோமி பள்ளிக்கூடம் போகாமல்
கூண்டருகே குந்தியிருந்தாள்.
பாத்திக்குப் போர்த்தும் கோணிச்சாக்கை
கோழியின்மேல் கட்டியிருந்தாள்,
இறக்கை இரண்டும் மறையும்படி.
அது சாக்கை இழுத்துக்கொண்டே
புழு தேடி நடந்தது.
அவளை நான் திட்டவில்லை.
முடிச்சை மட்டும் கொஞ்சம் தளர்த்தினேன்.

இன்றைக்குப் பதினேழாம் நாள்.
ரேடியோவில் ஊர்ப் பெயர்கள் சொல்கிறார்கள்,
ஆட்களின் பெயர் சொல்வதில்லை.
உங்கள் கடிதம் ஒன்று வந்தது, பாதி வரி
கறுப்பு மையால் அடிபட்டு.
மிச்சப் பாதியில், ஸ்டவ் ஒழுங்காக எரிகிறதா என்று இருந்தது.
எரிகிறது.

மாதக் கடைசி. அரிசி குறைந்துகொண்டே வருகிறது.
டின்னின் கனம் போதவில்லை என்று
அம்மிக்குழவியைத் தூக்கி
அதன்மேல் வைத்திருக்கிறேன்.
எப்படித் தூக்கினேன் என்று தெரியவில்லை.
இறக்க என்னால் ஆகாது.