காரணம், ஒன்றரை வரி

பகாவ் பெரிய சாலையில்
டயர் கடைக்கு மேல்மாடி எங்கள் கிளினிக்.
கீழே சக்கரத்துக்குக் காற்றடிக்கும்போதெல்லாம்
என் மேசையில் முத்திரைக்கட்டை நடுங்கும்.
பதினோரு வருசமாய் அந்தக் கட்டை என் கையில்.

பாரத்தில் பெயருக்கு ஒரு வரி,
அடையாள அட்டைக்குப் பன்னிரண்டு கட்டம்,
கணவன் பெயருக்கு ஒரு வரி,
காரணத்துக்கு ஒன்றரை.

விமலேஸ்வரி,
பெரட்டு முடிந்து உதிரிப்பழம் பொறுக்கப் போகிறவள்,
அன்று போகாமல் வந்திருந்தாள்.
நகக்கண்ணில் செம்பனைச் சாயம்.
காரணம் என்னம்மா போட, என்றேன்.
"முடியல மிஸ்ஸி."
நான் மிஸ்ஸி இல்லை, கிராணி.
திருத்தவில்லை.

முடியல.
மலாயில் இதை எப்படி எழுதுவது?
அந்த மொழியில் களைப்புக்குச் சொல் உண்டு,
இயலாமைக்கு உண்டு,
மனசில்லாததற்கும் உண்டு.
மூன்றையும் ஒரே மூச்சில் விட
அவளுக்குத் தமிழ்தான் தோதாயிருந்தது.
கடைசியில் களைப்பு என்றே எழுதினேன்,
பென்சிலில்.

சொல்லிவிடுகிறேன்,
எனக்கு இதில் சம்மதமில்லை.
சஷ்டிக்கு ஆறு நாளும் பட்டினி கிடப்பவள் நான்.
வயிற்றில் வந்து தங்கியது எந்தப் பிறவியின் மிச்சமோ,
வாசல்வரை வந்ததைத் திருப்பி அனுப்ப
நாம் யார் என்று கேட்டு வளர்ந்தவள்.
நாம் யார் என்பதற்கு
யாரும் எனக்குப் பதில் சொன்னதில்லை என்பதும் உண்மை.

ரொஹாயாத்தி காலண்டரில் விரல் வைத்து எண்ணினாள்.
நூற்றிருபதாம் நாள்தான் உயிர் ஊதப்படும் என்று
அவளுடைய உஸ்தாஸ் சொன்னாராம்.
இதற்கு ஐம்பத்திரண்டு.
"அதுக்காக அதுக்கு முன்னாடி சும்மா செய்யலாம்னு இல்ல காக்,"
என்று தானே சேர்த்துக்கொண்டாள்.
சாய்ந்திருந்த காலண்டரை நேராக்கிவிட்டு நகர்ந்தாள்.

பிலோமினா அந்த அறைக்குள் வரமாட்டாள்.
ஐம்பத்திரண்டும் ஒன்றும் அவளுக்கு ஒரே கணக்கு,
முதல் நாளே முழு ஆள்.
இப்படியான நாட்களில் டாக்டர் அவளைக் கூப்பிடுவதுமில்லை.

டாக்டர் இளஞ்சேரன்
தாத்தா காலத்திலேயே பெயரிலிருந்து சாமியை
வெட்டியெடுத்த குடும்பம்.
புருசனை வெளியே அனுப்பிவிட்டு மூன்று முறை கேட்டார்.
மூன்று முறையும் அதே சொல்.
"உள்ள இருக்கறதுக்கு என்ன வேணும்னு
எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.
வாய் திறந்து சொல்றவ ஒருத்திதான் எதிர்ல உக்காந்திருக்கா"
என்றார் என்னிடம்.
என் பென்சிலை அழித்தார்.
ரத்த அழுத்தம், போன பிரசவத்தின் ரத்தப்போக்கு என்று
சட்டத்துக்குப் புரிகிற பாஷையில் நிரப்பினார்.
பொய்யில்லை.
அவள் சொன்னதும் அதில்லை.
அவ்வளவு தெளிவாகப் பேசியவர்
அன்று மாலை தன் காரைத் திறக்க
என் வீட்டுச் சாவியை எடுத்துப் போய்விட்டார்.

முத்திரை குத்தினேன்.
கீழே யாரோ காற்றடித்தார்கள்.
நடுங்கியது கட்டையா கையா தெரியவில்லை.

மூன்றரைக்கு அவள் வெளியே வந்து
பெஞ்சில் சாய்ந்தபோது
மைலோ கலக்கி ஆற்றிக் கொடுத்தது பிலோமினா.
கைலியில் பட்ட கறையைத் தொட்டியில் கசக்கியதும் அவள்தான்.
உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.
யாருக்கான ஜெபம் என்று நான் கேட்கவில்லை.

புருசன் லோரியைப் படிக்கட்டருகே நிறுத்தியிருந்தான்,
பாரத்தில் ஒரு முழு வரி கிடைத்தவன்.
எவ்வளவு ஆச்சு என்றான்.
சொன்னேன்.

பள்ளி திறக்கும் வாரம் பசார் மாலாமில் பார்த்தேன்.
இரண்டு பையன்கள், கறுப்புச் சப்பாத்து இரண்டு சோடி.
மூன்றாவது எடுத்தால் பாதி விலை என்று
விளக்கு வெளிச்சத்தில் கூவினான் கடைக்காரன்.
நான் சட்டென்று மீன் பக்கம் திரும்பிக்கொண்டேன்,
கெம்போங் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல்.

முதுகுக்குப் பின்னால் அவள் குரல் கேட்டது:
"ரெண்டு நம்பர் பெருசா குடு.
பெரியவனுக்கு வர்ற வருசம் ஆகும்."