கரண்டே, கொஞ்சம் பொறு

நகரியில் மாதம் ஒருநாள் லைன் வேலை.
காலை ஒன்பதுக்குத் தறிகள் வாயை மூடும்.
சந்தில் காக்கை இருப்பதே
அன்றைக்குத்தான் தெரியும்.
கரண்ட் இல்லை, கூலி இல்லை.
கூலியில்லாத அந்த மதியத்தில்
நெசவாளர் சங்கக் கூடத்தில் மேஜிக்.
டிக்கெட் பத்து ரூபாய்,
மடியில் உட்காரும் பிள்ளைக்கு இலவசம்.
லோஹித்துக்கு நாலு வயது. கால் நீளம்.
மடக்கித் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

புரொபசர் கங்காதரம்.
தோளில் தொளதொள, கையில் குட்டை, அந்தக் கோட்டு.
கயிற்றை வெட்டினார், ஒட்டினார்.
'சூடண்டி, பாருங்க' என்றார்
ஒரே மூச்சில், ஒரே சொல் போல.
லோஹித் பார்த்துக்கொண்டிருந்தது
முன்னால் இருந்தவரின் காலரில் ஊர்ந்த எறும்பை.

பிறகு காலிப் பெட்டியிலிருந்து புறா வந்தது.
வந்தது நிற்கவில்லை.
அவர் கைக்கு மேலே, எங்கள் தலைக்கு மேலே போய்
நின்றிருந்த ஃபேனின் இறக்கையில் உட்கார்ந்தது.
'பாவுரம்!' என்று கத்தினான்,
அங்கன்வாடியில் படித்த சொல்.

புரொபசருக்கு மந்திரக் குரல் போய்விட்டது.
'ஃபேன் ஸ்விட்ச் எங்கேங்க?'
ஆபீஸ் ரூமில்.
'ஆஃப் பண்ணியிருக்கா?'
யாருக்குத் தெரியும்.
'சாவி?'
முனிரத்தினத்திடம்.
முனிரத்தினம் டீ குடிக்கப் போயிருக்கிறார்.
எந்தக் கடைக்கு என்று
இரண்டு மொழியிலும் ஒருவருக்கும் தெரியவில்லை.

மணி நாலு ஐம்பது.
ஐந்துக்கு வந்துவிடும் கரண்ட்.

வா வா என்று மட்டுமே
கரண்டைக் கூப்பிட்டுப் பழகியவர்கள் நாங்கள்.
பாவு பாதியில் நிற்கும்போது,
மிக்சியில் தேங்காய் அரைபடாமல் கிடக்கும்போது,
இவன் பிறந்த இரவு, ஆஸ்பத்திரியில்.
அன்றைக்கு நாற்பது பேர்
வியர்வை கழுத்தில் வழிய, விசிறிக்கொள்ளாமல்,
வராதே, இன்னும் கொஞ்சம் பொறு என்று
மேலே பார்த்துக்கொண்டிருந்தோம்.
ஒருவர் இருமலை விழுங்கினார்.
எறும்பு என்ன ஆனதோ.

கோட்டுப் பையிலிருந்து ஒரு பிடி கம்பு எடுத்து
உள்ளங்கையை நீட்டினார் புரொபசர்.
'ரா, ரா.'
அது தலையைச் சாய்த்தது.
'வாடி கண்ணு.'
வந்தது.

உள்ளே வைத்து, பட்டன் போட்டு,
இரண்டாவது பட்டனில் அவர் விரல் இருக்கும்போதே
ஃபேன் சுற்றியது.
தெருவெல்லாம் தறி கத்த ஆரம்பித்தது.
கைதட்டல் அப்போதுதான் எழுந்தது,
அந்தச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை.

இரவு ஷிஃப்டுக்குக் கிளம்பிய அப்பாவிடம் சொன்னான்:
'அந்த மாமா எல்லாரையும் பொம்மை ஆக்கிட்டாரு.
அம்மாகூட பொம்மைதான்.'
கயிறா? எந்தக் கயிறு?

படுக்கையில் ஃபேனைப் போட விடவில்லை.
'இரும்மா, ஏதாவது உட்காந்திருக்கும்.'
முதுகு பாயில் ஒட்டும் புழுக்கத்தில்
அவன் மூச்சு சீராகும்வரை காத்திருந்து எழுந்தேன்.
ஸ்விட்சில் விரலை வைத்துவிட்டு
ஒருதரம் மேலே பார்த்தேன்.
பிறகுதான் போட்டேன்.