இன்னும் இறங்காதவர்கள்

பர்பாங்க், ஆகஸ்ட் மாதம்.
மைக்கில் இரைச்சல் விழும் என்று
ஏசியை அணைத்துவிட்டு வேர்த்துக்கொண்டிருக்கிறோம்.
திரையில் ஒரு வாய்
மூன்று முறை திறந்து மூடுகிறது.
அதற்குள் அடங்குகிற ஒரு சொல் வேண்டும் எனக்கு.

கார்டினாவிலிருந்து பஸ்ஸில் வரும் திருமதி இனாமோட்டோ
ஜப்பானியத்தைக் கேட்டுக் கேட்டு
மஞ்சள் தாளில் பென்சிலால் எழுதித் தந்திருக்கிறாள்:
இறந்தான்.
அதன் கீழே, சிறிய எழுத்தில்:
சட்டைப்பையில் கடிதம், பிரிக்கவில்லை.

எங்கள் நாட்டில் மாலை நாலு மணிக்கு
யாரும் சாவதில்லை.
நிலையத்து மிஸ் ஹாலரன் சிவப்பு மையில் சொல்லிவிட்டாள்.
சாராயம் என்றால் சோடா.
எரிகிற நகரம் என்றால்
நல்லவேளை, எல்லாரும் விடுமுறைக்குப் போயிருந்தார்கள்.

ஆகவே இறந்தான் என்பதை
இறங்கினான் ஆக்கினேன்.
பாராசூட்டில் இறங்கினான்.
ஓர் அசைதான் கூடுதல்.
ரஸ் டெம்ப்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு
அந்த வாய்க்குள் திணித்துவிட்டான்.
திரையில் புகை. புகைக்குப் பின்னால் வானம்.
வானத்தில் ஒரு துணிகூட இல்லை.

வாரம் ஐந்து நாள், பதின்மூன்று வாரம்;
அறுபத்தைந்து எபிசோட் இல்லாமல் எவனும் வாங்கமாட்டான்.
கையில் இருந்தது இருபத்தாறு.
டெல்பர்ட் இன்னொரு தொடரை வாங்கிவந்தான்,
பிறகு இன்னொன்று.
வேறு கிரகம், வேறு போர்,
வேறு யாரோ ராத்தூக்கம் கெட்டு வரைந்த விரல்கள்.
வெட்டி ஒட்டினோம்.
முதல் கதையின் தளபதிக்கு
மூன்றாம் கதையின் பெண் மகளானாள்.
மூக்கு வேறு மாதிரி இருக்கிறதே, என்றேன்.
அம்மா ஜாடை, என்றான்.

இயந்திரங்களோடு எனக்குச் சண்டையில்லை.
பன்னிரண்டு மாடி உயரம்,
கண் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு பச்சைக் கீறல்,
வாயே கிடையாது.
வாயில்லாத முகத்தில் எதை வேண்டுமானாலும் பேசவைக்கலாம்.
அவர்கள் அதைப் பனியில் சும்மா நிற்கவைத்த இடங்களில் எல்லாம்
நான் ஜோக் எழுதினேன்.
இரண்டு விநாடி சத்தமில்லை என்றால்
பையன் சேனலை மாற்றிவிடுவான், டெல்பர்ட்டின் கணக்கு.

நவம்பரில் டுலூத்திலிருந்து ஒரு கடிதம்.
கோரி லிண்ட்ஸ்ட்ராம், வயது ஒன்பது.
கோடுபோட்ட தாளில் பட்டியல்:
எபிசோட் எண், பெயர், விமானத்தின் நிறம்.
மொத்தம் நாற்பத்தொரு பேர்.
"இவர்கள் எல்லாரும் குதித்தார்கள்.
ஒருவர்கூட இன்னும் இறங்கவில்லை.
இங்கே பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது.
மேலே அவர்களுக்குக் குளிராதா?"

ரோபோ படம் ஒன்றில் கையெழுத்துப் போட்டு அனுப்பு, என்றான் டெல்பர்ட்.
எந்த ரோபோவின் கையெழுத்து என்று நான் கேட்கவில்லை.

திருமதி இனாமோட்டோ அதை இரண்டு முறை படித்தாள்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
நாற்பத்தொன்று இல்லை, என்றாள்,
நாற்பத்துமூன்று.
இரண்டு பேரை நீங்கள் மொத்தமாகவே வெட்டிவிட்டீர்கள்.

கடைசி எபிசோட்.
மலையுச்சியில் அந்தப் பெரிய உருவம் முழந்தாளிடுகிறது.
பதினோரு விநாடி.
டெல்பர்ட் பல் டாக்டரிடம் போயிருந்தான்.
மைக் முன்னால் ரஸ், கையில் வெற்றுத்தாள்.
என்ன சொல்லணும்?
ஒன்றும் சொல்லாதே. நில்.

ஆனால் காற்று வேண்டும்.
ஜப்பானிலிருந்து வந்த ஒலிநாடாவில்
அந்தக் காற்று எங்களுக்கு வந்து சேரவில்லை.
எழுந்துபோய்
ஏசியைப் போட்டேன்.
மைக்கை அதன் பக்கம் திருப்பினேன்.
பழைய பெட்டி, முதலில் இருமியது, பிறகு
ஊதத் தொடங்கியது, நீளமாக.

ரஸ் வாயை மூடிக்கொண்டு நின்றான்.
திருமதி இனாமோட்டோ ஸ்வெட்டரின் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.
கோரிக்கு எழுத எடுத்த உறை
மேசையில் படபடத்தது.